ஒரு பை சென்சாரோடு புன்னைக்காயலுக்கு

சென்சார்களைக் காலுறைக்குள் திணித்துக் கொண்டுவருவது நல்ல யோசனை இல்லை என்று விமான நிலையத்தில்தான் தெரிந்தது. சுங்க அதிகாரி ஒவ்வொரு காலுறையாகத் தூக்கி உதறினார். மேசைமேல் பதினொரு சென்சார்கள் உருண்டன. "இது காத்த அளக்குமுங்க, இது சூட்டை அளக்கும், இது புகைய மோந்து பாக்கும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இவ்வளவும் ஒரு காருக்கா?" என்று கேட்டார். ஒரே காருக்குத்தான் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "பேசாம அந்தக் காரை வித்துருங்க" என்று பையை என் பக்கம் தள்ளினார்.

விற்பதற்குக் கார் என்னுடையது இல்லை. ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் கியர்பாக்ஸ் பிரிக்கிற ஜெரோமுடையது. அவனுக்கு ஊர் புன்னைக்காயல். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் போய்ச் சேருகிற இடம். அவனுடைய அப்பா கஸ்பாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடிவதற்குள் கிளம்பித் தூத்துக்குடிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இதற்காகவே ஜெரோமின் மனைவி கிளாரா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இன்ஜெக்ஷன் வண்டிகள் வந்த புதிதில் வாங்கிய பழைய கார் அது. சில நாள் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட் ஆகாத நாளில் பெரியவருக்கு டயாலிசிஸ் இல்லை. ஒருமுறை தவறினால் கால் வீங்கும், சேர்ந்தாற்போல் இரண்டுமுறை தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உள்ளூர் மெக்கானிக்குகள் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள். அப்படியும் வண்டி நின்றது. "நீங்க ஒருக்கா போய்ப் பாருங்க அண்ணாச்சி. ஒங்க கைக்கு ஆப்புடாத கோளாறு கெடையாது" என்று ஜெரோம் கேட்டான். அவன் மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. விடுப்பைக் கழிக்காமல் அதையும் சம்பளமாக வாங்கி அப்பாவின் வைத்தியத்துக்கு அனுப்புகிறவன். எனக்குக் கிடைத்ததோ பதினைந்து நாள் விடுப்பு. அதில் ஆறு நாளை இன்னொருவன் காருக்குக் கொடுக்கிறேன் என்று ஈரோட்டில் எங்கள் வீட்டில் சொன்னதும் என் மனைவி சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பக்கம்தான் நியாயம். ஆனால் 'ஒங்க கைக்கு ஆப்புடாத கோளாறு கெடையாது' என்ற சொல் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தூத்துக்குடியில் புன்னைக்காயல் பஸ் ஏறினேன். என் பையைக் காலடியில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மீன் விற்றுவிட்டுக் காலி அலுமினியச் சட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். சட்டி முழுக்கக் காலி இல்லை என்பது பழையகாயல் தாண்டித்தான் தெரிந்தது. ஐஸ் கரைந்த மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் பைக்குள் இறங்கியிருந்தது. "தண்ணிதான அண்ணாச்சி, காஞ்சிரும்" என்றார். அது காய்ந்தது, வாடை மட்டும் என்னோடு ஷார்ஜா வரைக்கும் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்காலும் மஞ்சள் வயலும் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே தண்ணீர் இருக்கிறது, ஒரு புல்லும் இல்லை. வெள்ளைக் குவியல்களுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கண் கூசுகிற வெயிலிலும் அந்த இடம் எனக்கு இருட்டாகவே பட்டது. ஏன் வந்தோம் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

கிளாராவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அளந்து பேசுகிறவள். கஸ்பார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், இப்போது எலும்பும் தோலும். இடது முழங்கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. "பயணம் சொகமா தம்பி? எம் மவன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். "எளச்சிருக்கானா?" என்று அடுத்த கேள்வி. இல்லை என்று பொய் சொன்னேன்.

எனக்குச் சாளை மீன் குழம்பும் சோறும். பெரியவருக்கு வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய காய்கறி, உப்பில்லாமல். பக்கத்தில் ஓர் அரை லிட்டர் பாட்டில். நாள் முழுவதற்கும் அவருக்கு அவ்வளவுதான் தண்ணீர். அவர் மூடியில் ஊற்றிக் குடித்ததைப் பார்த்ததும் என் கையிலிருந்த சொம்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மீன் முள் வேறு தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஆற்று மீனே மாதம் ஒருமுறை தின்கிற ஆள் நான்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கார் இருமிக்கொண்டே எழுந்தது. பின்னால் கரும்புகை, உள்ளே பெட்ரோல் வாடை. முக்காணி தாண்டி ஒருமுறை நின்றது. உப்பளச் சாலையில் மறுபடி நின்றது. கிளாரா சாவியைத் திருப்பும்போதெல்லாம் பெரியவர் முன் சீட்டில் நேராகப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். எப்படியோ ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரை உள்ளே கூட்டிப் போனார்.

டயாலிசிஸுக்கு நான்கு மணி நேரம். எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் துறைமுகத்துக்கு லாரி ஓட்டி வந்த இரண்டு பீகார்க்காரர்கள். நமக்கு இந்தி தெரியாது என்ற நம்பிக்கையில் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். கல்ஃபில் இருபது வருடம் இருந்தவனுக்கு இந்தி தெரியாமல் இருக்குமா? "போன் பண்ணினால் அம்மா முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பாள். இப்போது எப்போது வருகிறாய் என்று மட்டும்தான் கேட்கிறாள். அதனால் போன் பண்ணுவதையே குறைத்துவிட்டேன்" என்றான் ஒருவன். மற்றவன் டீயை ஊதிக்கொண்டே தலையாட்டினான். நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

பதினொரு மணிக்குக் கஸ்பார் வெளியே வந்தார். உள்ளே போனவர் வேறு, வந்தவர் வேறு. உதடு வெளுத்திருந்தது. கிளாராவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தார். வீட்டுக்கு வந்ததும் படுத்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் கொஞ்சம் தெளிவார், அடுத்த நாள் காலையில் மறுபடி ஊசி என்று கிளாரா சொன்னாள். வாரத்தில் அவருக்கென்று எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை பானெட்டைத் திறந்து ஸ்கேனரை மாட்டினேன். ரேடியேட்டர் கொதிக்கிறது, ஸ்கேனரில் இன்ஜின் சூடு நான்கு டிகிரி என்று காட்டியது. நான் வேர்வையில் நனைந்து நிற்கிறேன், காரின் கம்ப்யூட்டரோ தான் காஷ்மீரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. அதனால்தான் கரும்புகை, அதனால்தான் நடு ரோட்டில் நிற்பது. சூட்டை அளக்கும் சென்சாரின் கால்கள் உப்புக் காற்றில் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. அதை மாற்றினேன். புகையை மோந்து பார்க்கிற சென்சார் கரி பிடித்துக் கிடந்தது, அதையும் மாற்றினேன்.

பிறகு ஒவ்வொரு சென்சாரின் பிளக்கையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். எல்லாமே பச்சைப் பாசி. கேம் சென்சார் என்று ஒன்று உண்டு, இன்ஜினின் எந்தச் சிலிண்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. அது பேசாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அதன் பிளக் மட்டும் உள்ளே பளபளவென்று இருந்தது. லேசாக வாசலின்கூடத் தடவியிருந்தது. முன்னால் பார்த்த மெக்கானிக்குகளில் ஒருவனாவது ஒழுங்காக வேலை செய்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு, 'க்ளிக்' என்று கேட்கும் வரை அழுத்தி மாட்டினேன்.

மத்தியானம் ஆனதும் கஸ்பார் நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகிற தோணிகளில் முப்பது வருடம் இன்ஜின் டிரைவராக இருந்தவர் அவர். நான் ஸ்பானரைத் தேடினால் அவர் கை தானாக அதை எடுத்து நீட்டியது.

"நாங்க தோணியக் கரையேத்திட்டா சீசன் வார வரைக்கும் எறக்க மாட்டோம்" என்றார். "அப்பம் டிரைவரு இன்ஜின்ல ஒரு சின்ன சாமானக் கழத்தி மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிருவான். தண்டல்னா தோணிக்கே தலைவன், அவன்ட்டகூடச் சொல்ல மாட்டான்."

"எதுக்குங்க அப்படி?"

"சும்மா கெடக்க இன்ஜின வாரவன் போறவன்லாம் முடுக்கிப் பாக்கக் கூடாதுல்லா. இன்ஜின் ஓடுததும் நிக்கதும் டிரைவரு சொல்லித்தான் நடக்கணும்" என்று சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் காரை ஆத்தூர் வரை ஓட்டிப் பார்த்தேன். புகை இல்லை, இருமல் இல்லை. ஜெரோமுக்குப் போன் போட்டு முடிந்தது என்றேன். எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெருமையில் அன்று இரண்டு மீன் துண்டு கூடவே தின்றேன்.

வியாழக்கிழமை ஐந்தரைக்குக் கிளாரா சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். அதே கதை. என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

ஸ்கேனரை எடுக்க உள்ளே ஓடினேன். கிளாரா காரைவிட்டு இறங்கி, "விடுங்க அண்ணாச்சி. இன்னைக்குப் போவாண்டாம், சனிக்கெழம பாத்துக்கிடலாம்" என்றாள். நானாவது பதறினேன், அவள் பதறவே இல்லை. அது எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. கஸ்பார் சீட்டிலிருந்து தானே இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தார். கைத்தாங்கல் இல்லாமல் அவர் நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கேம் சென்சாரிலிருந்து செய்தி இல்லை என்று ஸ்கேனர் சொன்னது. பிளக்கைத் தொட்டேன். தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பாதி வெளியே இழுத்த நிலையில் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அழுத்தி மாட்டியதும் கார் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. மணி ஆறரை. இனிப் போனால் ஆஸ்பத்திரியில் கட்டில் காலி இருக்காது என்றாள் கிளாரா.

அன்று பூராவும் சென்சாரைக் கழற்றி வைத்துக்கொண்டு சோதித்தேன். முடி காய வைக்கிற மெஷினை வாங்கிச் சூடாக்கிப் பார்த்தேன், தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சென்சாரில் ஒரு குறையும் இல்லை. பிளக்கின் பூட்டும் உடையவில்லை. நேற்று 'க்ளிக்' என்று என் காதால் கேட்டேன். பூட்டு விழுந்த பிளக் கட்டைவிரல் வைத்து அமுக்காமல் கழலாது. அந்தப் பளபளப்பும் வாசலினும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. உப்புக் காற்றில் ஒரு பிளக் பளபளவென்று இருந்தால் அதை யாரோ அடிக்கடி கழற்றி மாட்டுகிறார்கள் என்று அர்த்தம். கழற்றுகிறவர் தொழில் தெரிந்தவர், சாமான் கெட்டுவிடக் கூடாது என்று வாசலின் தடவுகிறவர்.

பெரியவர் மேல் கோபம் வந்தது. மகன் அங்கே சூட்டில் வேகிறான், மருமகள் இங்கே விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறாள், இவர் என்ன காரியம் செய்கிறார்? ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை எடுத்து அந்தப் பிளக்கைச் சென்சாரோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கத்தி இல்லாமல் இனி யாராலும் கழற்ற முடியாது.

சாயங்காலம் கஸ்பார் காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்த கிளாராவிடம் போய் நின்றேன். இதைச் சமையல்கட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருந்தது. "அம்மிணி, கோளாறு கார்ல இல்லீங்க" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "மாமாதான் கழத்துதாவ. மொத தடவையே பாத்தேன். பால் வாங்க எந்திரிச்சு வந்தேன், பானெட்டுக்குள்ள டார்ச்ச வச்சுக்கிட்டு நின்னாவ. சத்தங்காட்டாம உள்ள போயிட்டேன்."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"அவியளுக்கு எங்ககிட்ட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு சொல்ல முடியல. மவன் பாடுபட்டு அனுப்புதான், நான் வண்டி ஓட்டிக்கிட்டுக் கெடக்கேன். எந்த மூஞ்சியோட சொல்லுவாவ? வண்டி எடுக்கலன்னா யாரு மேலயும் கொற இல்லல்லா." அரிவாள்மனையில் கை நின்றது. "மாசத்துக்கு ஒருக்கா, மிஞ்சிப் போனா ரெண்டு தடவ. அன்னைக்குக் கடற்கரையில போய் இருப்பாவ, மணலக் காலால கிண்டுவாவ, பழைய ஆளுககூடப் பேசுவாவ. சேந்தாப்புல ரெண்டு தடவ கழத்துனது கெடையாது. கழத்துனா ஆட்டோ வந்துரும், அங்கன ஒரு பையன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நேத்து ராத்திரி ஒரு வாய் சாப்புடல அண்ணாச்சி. அந்தப் பட்டய அத்துருங்க. அவியகிட்ட இருக்க ஒரே சாமான் அதுதான்."

இருபது வருடத்தில் கண்டுபிடித்த கோளாறை அப்படியே விட்டுவிட்டு வந்தது கிடையாது. பானெட்டைத் திறந்து, கட்டுப்பட்டையைக் கத்தியால் அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செய்வது சரியா தவறா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. திரும்பினால் நாற்காலியில் கஸ்பார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏளா கிளாரா, தம்பிக்குச் சோறு வையி. எனக்கும் பசிக்கி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சனிக்கிழமை நாங்கள் வருவதற்கு முன்பே அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வலது கையால் என் கையைப் பிடித்தார். "எளச்சிருக்கான்னா சொல்லிருக்கலாம்லா தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிளாரா பயணத்துக்கென்று ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். ஈரோடு போய்ச் சேர்வதற்குள் அது பொடிப்பொடியாகிவிட்டது. மனைவி அதை ஸ்பூனால் அள்ளித் தின்றுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அன்றுதான் என்னோடு பேசினாள்.

ஷார்ஜா திரும்பியதும் ஜெரோம் கேட்ட முதல் கேள்வி, என்ன கோளாறு என்பதுதான். "ஒரு சென்சார் பிளக். எப்பவாச்சும் ஒரு தடவை விட்டுப் போகும். அதுக்கு மருந்து கிடையாது ஜெரோம், வண்டி பழசு" என்றேன். அவன் என்னையே பார்த்தான். என்னிடமிருந்து அப்படி ஒரு பதிலை அவன் இதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவை, "இன்னைக்கு வண்டி எடுக்கலயாம்" என்றான். அடுத்த முறை போனாரா என்று மூன்று நாள் கழித்து விசாரித்தேன். போனார் என்றான். அப்பாடா என்று இருந்தது.

போன வாரம் சனிக்கிழமை நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். ஜெரோமின் கால்கள் பக்கத்தில் வந்து நின்றன.

"அண்ணாச்சி, வியாழக்கெழம வண்டி எடுக்கல. இன்னைக்கும் எடுக்கலயாம். ஆட்டோவுலதான் கூட்டிட்டுப் போயிருக்கா. அப்பா ஏற மாட்டேன்னு ரொம்ப நேரம் நின்னாவளாம். இந்தச் சனியன் புடிச்ச கார வித்துரட்டா?"

வேனுக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தேன். இளைத்துத்தான் போயிருந்தான்.

"விக்காதே. லீவு போட்டுட்டு நாளைக்கே ஊருக்குக் கிளம்பு" என்றேன்.

"காருக்காவயா அண்ணாச்சி?"

"ஆமா ஜெரோம். காருக்காகத்தான்."